பூரணி கங்காணி

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் மடுவத்துக்கு ஜீவராணிதான் பொறுப்பு. டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. ஒரு காலத்தில் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இப்போது நர்சரி வேன் வந்து பிள்ளைகளையெல்லாம் ஹட்டனுக்கு அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சியவள் பூரணி மட்டும். மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளை. ஜீவராணிக்கோ வீட்டில் பேச ஆளில்லை. நல்ல பொருத்தம்தான் போங்கள்.

சேர்ந்து விளையாட இன்னொரு பிள்ளை இல்லாததால் ஜீவராணியே தரையில் உட்கார்ந்தாள். முட்டி வலிக்க வலிக்க மண்சோறு ஆக்கினாள், ரயில் ஓட்டினாள். பூரணி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் பழைய சாக்கைக் கூடையாக்கி, கயிற்றைத் தலையில் மாட்டி, வாசல் செடியில் கொழுந்து பறிப்பதுபோல் நடித்தாள் ஜீவராணி. பூரணி ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"கொழுந்து பத்தாது. ஒனக்கு அரைப்பேருதான்," என்றாள்.

பாதி நாள் சம்பளம்தான் என்று மலையில் வேலை வாங்கும் கங்காணி ஏசுகிற ஏச்சு அது. தாய் வீட்டில் புலம்பியதைக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளை வாய் திறந்துவிட்டாளே என்று ஜீவராணிக்கு அழுகையே வந்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க கங்காணி, இந்தா பறிச்சிர்றேன்," என்று கெஞ்சினாள்.

அதன்பிறகு பூரணி தினமும் அதட்டினாள், எண்ணினாள், விழுந்து விழுந்து சிரித்தாள். மழை பிடித்த ஒரு நாள் தானும் பறிக்க வேண்டும் என்று அடம்பிடித்துக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள். அந்நேரம் பார்த்து அவள் தாய் நிஷாந்தி நனைந்துகொண்டு வாசலில் வந்து நின்றாள். வந்தவள் கயிற்றைக் கழற்றி எறிந்தாள்.

"எம் மக இந்தக் கயித்த மாட்டக் கூடாதுன்னுதானேக்கா நான் மழையில நனையிறேன். நீங்க இப்பவே பழக்குறீங்க."

"வெளையாட்டு நிஷாந்தி. புள்ள இப்ப எவ்வளவு பேசுறா பாரு."

"பேசுறா. கொழுந்து, மலைன்னு. அந்தப் பேச்சு வேணாங்க்கா."

ஜீவராணி தன் தலையைத் தடவிக்கொண்டாள். அவள் உச்சந்தலையிலும் அதே கயிறு பதித்த தழும்பு இருந்தது.

பூரணியும் வேனில் ஏறினாள். ஜீவராணி மடுவத்தைத் திறப்பாள், கூட்டுவாள், வெறுமனே உட்கார்ந்திருப்பாள். தனிமை அவளுக்குப் புதிதில்லை. இந்த முறைதான் தாங்க முடியவில்லை.

கோயிலடியில் நிஷாந்தியைக் கண்டதும் ஓடிப்போய்க் கேட்டாள்.

"புள்ள எப்படியிருக்கா?"

நிஷாந்தியின் முகமெல்லாம் பூரிப்பு. "டீச்சர் ரொம்ப மெச்சுறாங்கக்கா. மத்ததுக மாதிரி சத்தமே இல்லையாம். வச்ச எடத்துல அப்படியே இருக்காளாம். வாயத் தொறக்கிறதே இல்லையாம்."

பெற்றவளின் சந்தோஷத்தைக் கெடுக்க ஜீவராணிக்கு மனம் வரவில்லை.

"நல்லதும்மா," என்றாள்.