அரைக் குளிசை

என் கணவருக்கு முதலில் வந்தது விறைப்பு. வரம்பில் நடந்துபோகிறவர் பாதி வழியில் நின்றுவிடுவார், மண்வெட்டி தோளில், கால் இரண்டும் சேற்றில் நட்டதுபோல. பிறகு வலக்கையில் நடுக்கம். பார்க்கின்சன் என்று கிளினிக்கில் சொல்லி, ஒரு நாளைக்கு மூன்று குளிசை எழுதினார்கள். அந்தக் குளிசை அவரை எனக்குத் திருப்பித் தந்தது. ஐந்து வருடம் தந்தது. வாய்க்கால் திறந்தார், உரம் எறிந்தார், என்னோடு சண்டை பிடித்தார்.

ஆறாவது வருடம் உடம்பு நெளியத் தொடங்கியது. குளிசை போட்டு முக்கால் மணித்தியாலம் போனதும் கழுத்து ஒரு பக்கம் இழுக்கும். தோள் எழும்பும், இறங்கும். இடது கால் தானாக வெளியே போய்வரும். தலை, குளத்தடியில் பாசி அலைவதுபோல, மேலும் கீழும். நோவில்லை. வெட்கம் இருந்தது. தேத்தண்ணியைக் கோப்பையில் கொடுத்தால் பாதி இடுப்பில் கட்டிய சாரத்தில்.

"என்னப்பா, டான்ஸ் பழகிறியளோ?" என்று கேட்டேன், முதல்நாள்.

"நீரும் வாருமன். தனிய ஆட வெக்கமாக் கிடக்கு."

அப்போது சிரித்தோம்.

நான் அதை நோயின் வேலை என்று நினைத்தேன். நடுக்கம் கூடினால் அரைக் குளிசை கூடக் கொடுக்கலாம் என்று எப்போதோ கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆட்டமெல்லாம் ஒரே ஆட்டம்தான். நடுக்கம் எது, நெளிவு எது என்று பிரித்துப் பார்க்க யார் எனக்குச் சொல்லித்தந்தது? அரை கூட்டினேன். கூட ஆடினார். இன்னும் அரை கூட்டினேன்.

குளக்கட்டடி அம்மன் கோவிலில் பொங்கல். எங்கள் அக்கராயன் ஊர்ச் சனம் முழுவதும் அங்கே. சனத்துக்கு முன்னால் விறைத்து நிற்கக்கூடாது என்று காலையில் இன்னும் ஓர் அரை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். உச்சி வெயிலில் பறை தொடங்கியது. அவருடைய உடம்பும் அப்போதுதான் தொடங்கியது. பறை ஒரு கணக்கில் போனது, அவர் தோள் வேறொரு கணக்கில் போனது, ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியவில்லை. சனம் விலகி வட்டம் விட்டது. அம்மன் ஆளில் இறங்குவதை எங்கள் பக்கம் கலை வருவது என்பார்கள். கலை வந்தவரிடம் கேட்டதற்கெல்லாம் பதில் உண்டு.

"கலை வந்திட்டுது" என்றார் யாரோ. பூசாரியார் நெற்றி நிறையத் திருநீறு பூசி, கையில் வேப்பிலையைச் செருகிவிட்டுப் போனார்.

ஒரு மனிசி கும்பிட்ட கையோடு முன்னால் வந்தாள். மலையகத்திலிருந்து வந்து ஸ்கந்தபுரத்தில் குடியிருக்கும் குடும்பம். எங்கள் வயலில் களை பிடுங்குகிறவள். கடைசிச் சண்டையில் காணாமல்போன மகனை இன்னும் தேடுகிறாள்.

"எம் புள்ள இருக்கானா?"

தலை மேலும் கீழும் போனது.

"வருவானா தாயே?"

தலை போனது.

நோய் அவருடைய குரலையும் தின்றிருந்தது. முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு மட்டும் கேட்டது: "எனக்குத் தெரியாது தங்கச்சி. எனக்குத் தெரியாது." பறைச் சத்தத்தில் அது யாருக்கும் போகவில்லை. அவள் அவருடைய காலில் விழுந்தாள். பெண்கள் அழுதார்கள். நானாவது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவளுடைய முகத்தில் அப்போது இருந்ததை என் வாயால் துடைத்துவிட எனக்குத் துணிவு வரவில்லை. இன்றும் அதற்கு வேறு காரணம் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான். "அந்தக் குளிசையை எறியும்."

இரண்டு நாள் வாயைத் திறக்க மறுத்தார். மரக்குற்றிபோலக் கிடந்தார். புரட்ட முடியவில்லை. கஞ்சி தொண்டைக்குள் இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஓட்டோவில் கிடத்திக் கொண்டுபோனேன். டொக்டர் ஓர் இளம் பெண்பிள்ளை. குளிசையை ஒரேயடியாக நிறுத்தியதற்கு முதலில் என்னை ஏசினா. பிறகு, நெளிந்ததை நான் போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைப் பார்த்தா.

"அம்மா, இது பார்க்கின்சன் வருத்தம் செய்யிற வேலையில்லை. குளிசை கூடிப்போச்சு. நீங்கள் கூட்டக் கூட்ட ஆடியிருப்பார்."

நான் போனை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

பெரிய குளிசை மூன்றுக்குப் பதிலாகச் சின்ன அளவில் ஆறு நேரம். நெளிவை அடக்க இன்னொரு மருந்து. முழுதாக நிற்கும் என்று சொல்லமாட்டேன், இடையில் விறைக்கும் என்றா. "கனபேர் விறைப்பை விட நெளிவு பரவாயில்லை எண்டுதான் சொல்லுவினம். ஐயா, உங்களுக்கு எது வேணும்?"

அவர் கனநேரம் எடுத்துச் சொன்னார். "இருவது நிமிஷம் காணும், அதுக்கு மேலை வேண்டாம். தலை என்ரை சொல்லுக் கேக்கிற இருவது நிமிஷம்."

டொக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்த மனிசி மகன் வந்து உடுக்கவெனப் புதுச் சாரம் வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறாள் என்ற கதை எங்கள் குசினிவரை வந்திருந்தது.

கலண்டரில் ஒவ்வொரு மணித்தியாலமும் எழுதினேன். விறைப்பு, நெளிவு, நல்லது. நெளிவு மெல்ல மெல்ல இறங்கியது. விறைப்பு வந்து குந்திக்கொண்டது. மூன்று கிழமையில், ஒன்பது மணிக் குளிசைக்குப் பின்னால், பத்தரையிலிருந்து பதினொன்று வரைக்கும் ஒரு துண்டு நேரம் தெளிந்தது. அந்த நேரத்தில் அவர் நின்றால் நின்றார், இருந்தால் இருந்தார்.

ஒருநாள் அந்த நேரத்துக்குச் சரியாக ஸ்கந்தபுரத்தில் அவளுடைய வாசலில் ஓட்டோவில் போய் இறங்கினோம். அவள் கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் இருந்தார். தலை அசையவில்லை.

"தங்கச்சி, அண்டைக்கு எனக்குக் கலை வரேல்லை. குளிசை கூடித் தலை தானா ஆடினது. எனக்கு ஒண்டும் தெரியாது."

"ஆத்தா வரலீங்களா?"

"இல்லை."

"நான்தான் அரைக் குளிசை கூடக் குடுத்தனான்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேவல் ஒன்று முற்றத்தைக் கிளறியது. பிறகு கேட்டாள், விலை கேட்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக:

"அந்தக் குளிசைய இப்ப கூடப் போட்டா, மறுபடி ஆடுவீங்களா ஐயா?"

"ஆடுவன்."

"அப்ப இன்னொருக்கா கேட்டுப் பாக்கட்டுங்களா?"

பதினொன்று தாண்டியது. விரல்களில் நடுக்கம் தொடங்கியது, இது நடுக்கம்தான், எனக்கு இப்போது தெரியும். அடுத்த குளிசைக்கு நேரம். பையைத் திறந்து எடுத்தேன். அவள் கேட்காமலே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், கண் குளிசையில்.

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"போடுங்கோ அப்பா, நேரம் போகுது."

"வீட்டை போய்."

"வீட்டை போக முதல் விறைச்சிடும்."

"விறைக்கட்டும்."

விறைத்தது. முதலில் முகம் மூடியது, பிறகு தோள், பிறகு இடுப்பு. அவள் செம்பைக் கீழே வைக்கவில்லை. தலை அசையுமா என்று கடைசிவரைக்கும் பார்த்தாள். அசையவில்லை. பிறகு செம்பை வைத்துவிட்டு வந்து அவருடைய ஒரு கையைப் பிடித்தாள். மற்றக் கையை நான் பிடித்தேன். ஓட்டோவில் ஏற்றும்போது முழங்கால் மடியவில்லை. அவள்தான் குனிந்து, இரண்டு காலையும் ஒவ்வொன்றாக மடக்கி உள்ளே வைத்தாள்.