நாலாவது வரி

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பாட்டக்கா என்று பெயர். அவள் பாடி இரண்டு வருஷமாகிறது. ஆனால் ஒட்டிய பெயரும் விரிப்பில் ஏறிய மருந்துக்கறையும் ஒரே சாதி, எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போவதில்லை.

உலர்த்தும் இயந்திரத்திலிருந்து விரிப்பு கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். ஆறுவதற்குள் மடித்தாக வேண்டும். ஆறினால் சுருக்கம் அப்படியே தங்கிவிடும். ஒற்றை ஆளால் ஆகிற வேலையில்லை. ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து நீளவாக்கில் ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொரு மடிப்பு, விறைப்பாக ஓர் இழுப்பு. பிறகு இருவரும் எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். அவளும் தங்கையும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருத்தி இழுக்கும்போது மற்றவள் விடுவாள். விரிப்பு தரையில் விழும். விழுந்தது மறுபடி சலவைக்குப் போக வேண்டும், கண்காணிப்பாளரிடம் வசவும் வாங்க வேண்டும். அதற்குப் பயந்து அக்கா ஒரு பாட்டுக் கட்டினாள். நாலு அசைவுக்கு நாலு வரி.

கடலுக்குப் போன கப்பலே, கரை ஒண்ணு இருக்குது
கண்ணீரத் தொடச்சுப் போடு, காத்து நல்லா அடிக்குது
பொழுது சாயும் முன்னால போன வழி தெரியுது
வாசலிலே வெளக்கிருக்கு, வந்து சேரு வீட்டுக்கு

நாலாவது வரிக்கு இருவரும் நடந்து வந்து கை சேர்ப்பார்கள். பெரிய காவியம் ஒன்றுமில்லை. ஆனால் பாட்டு வந்த பிறகு ஒரு விரிப்பும் கீழே விழவில்லை. கட்டியவள் அக்கா என்றாலும் குரல் தங்கைக்குத்தான். கண்காணிப்பாளர் வந்து, சம்பளம் மடிப்பதற்கா பாடுவதற்கா என்று அதட்டிவிட்டு, கதவுப் பக்கமே நின்று இரண்டு விரிப்பு முடியும்வரை கேட்டுவிட்டுப் போவார்.

தங்கைக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. அதே ஆஸ்பத்திரியில்தான். அவள் படுத்திருந்த விரிப்பு கூடத்துக்கு வந்தபோது அக்கா அதை வேறு யார் கையிலும் கொடுக்காமல் தானே அலசினாள். ஒரு மாதம் கழித்து, வீட்டில் சும்மா கிடந்தால் மனசு கண்டதையும் நினைக்கும் என்று மாமியார் தங்கையை வேலைக்கு அனுப்பிவைத்தாள். கூடத்தில் ஆளாளுக்கு வைத்தியரானார்கள். பாடு, மனசு லேசாகும் என்றார்கள். பாட்டைவிட மருந்து உண்டா என்றார்கள். பாட்டு மருந்துதான், யார் இல்லையென்றது? கொடுத்தவர்களில் ஒருவராவது நாடி பிடித்துப் பார்த்திருக்கலாம்.

அவளும் பாடினாள். முன்னைவிட நன்றாகப் பாடினாள், அதுதான் கொடுமை. இஸ்திரி போடும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தரம் பாடு என்று கேட்டார்கள். தங்கை தேறிவிட்டாள் என்று அக்கா தன் புருஷனிடம் போய்ச் சொன்னாள். தங்கையின் டிபன் டப்பா பாதி அப்படியே திரும்பிப் போவதையும், தலை இரண்டு நாளாக வாராமல் இருப்பதையும் பார்க்கத்தான் செய்தாள். கண் சொன்னதை விட்டுவிட்டுக் காது சொன்னதை நம்பினாள்.

ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், மூன்று வரியும் ஒழுங்காக வந்தது. நாலாவது வரிக்கு அக்கா நடந்தாள். தங்கை நின்ற இடத்திலேயே நின்று பாடினாள்.

வாசலிலே வெளக்கில்ல, வரவேணாம் வீட்டுக்கு

விரிப்பு நடுவில் தொய்ந்து தரையைத் தொடப் போனது. அக்கா பாய்ந்து பிடித்தாள்.

"வரி தப்புடி. ஒழுங்காப் பாடு, துணி கீழ விழுது பாரு."

"சரிக்கா," என்றாள் தங்கை.

அவ்வளவுதான். அதன்பின் ஒன்பது நாளும் வரியைச் சரியாகத்தான் பாடினாள். பத்தாம் நாள் வேலைக்கு வரவில்லை. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள் என்று ஆள் வந்து சொன்னபோது, அக்காவின் கையில் விரிப்பின் இரண்டு முனையும் இருந்தன.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். விதி என்றார்கள், கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்றார்கள். அவளுக்கோ விதியின்மேல் வழக்கு இல்லை. தங்கை தன் நெஞ்சைத் திறந்து ஒரே ஒரு வரி சொன்னாள், அக்கா அதற்குப் பிழை திருத்தினாள். துணிக்காகத் திருத்தினாள். இதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

அதன்பிறகு அவள் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணித்தான் மடித்தாள். ஆனால் பாட்டு கூடத்தை விட்டுப் போகவில்லை. இஸ்திரிப் பெண்கள் அவள் இல்லாத நேரம் பார்த்துப் பாடுவார்கள். போன மாதம் அவளுக்கு ஜோடியாக வந்த புதியவள், இரண்டு பிள்ளைக்காரி, வாய் ஓயாதவள், அவர்களிடம் அதைக் கற்றுக்கொண்டாள். பழைய கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் காலை, விரிப்பைப் பிடித்துக்கொண்டே பாட ஆரம்பித்தாள். பாட்டக்கா தடுக்கவில்லை. மூன்று வரி போனது.

வாசலிலே பூட்டிருக்கு, எங்க போறேன் தெரியல

பாட்டக்கா இரண்டு கையையும் விட்டாள். சூடான விரிப்பு ஈரத்தரையில் விழுந்தது. அதை மிதித்துக்கொண்டே போய்ப் புதியவளின் தோளைப் பிடித்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாம வரி மாறாது. துணி கெடக்கட்டும். சொல்லு."

புதியவள் பயந்துபோனாள். வரி மறந்துவிட்டது, வாய்க்கு வந்ததைப் பாடினேன் என்றாள். பாட்டக்கா விடவில்லை. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"நல்லாத் தூங்குறேன்க்கா. அவரு கொறட்டதான் தூங்க விடாது. சத்தியமா மறந்துதான் போச்சு."

இஸ்திரி மேசைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பாட்டக்காவும் சிரித்தாள். சிரித்தபடியே விரிப்பின் மேல் உட்கார்ந்து, இரண்டு வருஷமாக வராத அழுகையை அழுதாள். கண்காணிப்பாளர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அன்று கேட்டிருந்தால் தங்கையும் மறந்துபோச்சு என்றுதான் சொல்லியிருப்பாளோ என்னவோ. சொல்லியிருக்கலாம், மனசைக் கொட்டியும் இருக்கலாம். தான் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் பாட்டக்காவுக்கு நிச்சயமாகத் தெரியும்.