பாறைக்குப் பக்கத்தில் ஒரு ஆள்

மன்னார்குடிக்காரனுக்குப் பாறையைப் பற்றி என்ன தெரியும்? வெட்டினால் வண்டல், தோண்டினால் தண்ணீர். வீடு கட்டக் கருங்கல் ஜல்லி வேண்டுமென்றாலும் வெளியூரிலிருந்து லாரியில் வந்தாக வேண்டும். சகாயராஜுக்கு மலை என்றால் திருச்சி மலைக்கோட்டை, அதுவும் மாமியார் வீட்டுக்குப் போகும்போது பஸ் ஜன்னலில் பார்த்தது. அப்படிப்பட்டவன் கையில் கேமராவைக் கொடுத்து, சவூதியின் வடக்குப் பாலைவனத்தில் பாறைகளைப் படமெடுத்து வா என்று அனுப்பினார்கள். அன்று நடந்ததற்குத் தலைவிதியைக் குற்றம் சொல்லலாம்தான். பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் சகாயராஜ்தான்.

மன்னார்குடி கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தவன் அவன். தொண்ணூற்று நாலில் எதிர்வாடையில் ஒருத்தர் ஜப்பான் மெஷினோடு கலர் லேப் திறந்தார். அரை மணி நேரத்தில் பிரிண்ட், கூடவே ஒரு ஆல்பம் இலவசம். இரண்டு வருடம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, கடையை எஸ்.டி.டி. பூத்துக்கு விட்டுவிட்டு, தொண்ணூற்று ஏழில் ரியாத்துக்கு விமானம் ஏறினான். ஏறியது டிரைவர் விசாவில். மகள் பிரின்ஸி அப்போது ஆறு மாதக் குழந்தை. டிரைவர் விசாவில் போனவன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவர முடியாது என்பது ஏஜெண்டுக்குத் தெரியும். இவனுக்குப் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

அவன் வேலை பார்த்தது விளம்பரப் பலகையும் காலண்டரும் அச்சடிக்கிற கம்பெனியில். மேனேஜர் இராஜாங்கம், திருவிடைமருதூர்க்காரர். 2001 பிப்ரவரியில் ஒரு நாள் சகாயராஜைக் கூப்பிட்டார்.

“வழக்கமா படமெடுக்க வர்ற லெபனான்காரன் இந்த வருஷம் வரல. நீங்க ஸ்டுடியோ வச்சிருந்தவருதானே? ஒரு சிமெண்ட் கம்பெனி காலண்டருங்க. பன்னண்டு படம். பாறை, வெளிச்சம், அவ்வளவுதான். அந்த முதலாளிக்குப் புடிச்சுப் போச்சுன்னா உங்க இகாமால போட்டோகிராபர்னு தொழில மாத்திடலாம். அப்புறம் வீட்டுல உள்ளவங்கள அழைச்சுக்கிட்டு வாங்க.”

இகாமா என்பது அங்கே தங்குவதற்கான அட்டை. அதில் தொழில் என்ற இடத்தில் ஒரு சொல் மாறினால் குடும்பமே கூட வந்துவிடும். அன்று சாயங்காலமே மனைவி அருள்ஜோதிக்குப் போன் போட்டான். மார்ச்சில் ஊருக்கு வர வேண்டியவன், “இந்தத் தடவ நான் வரலம்மா. நீங்க ரெண்டு பேருந்தான் இங்க வரப் போறீங்க” என்றான். அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். எப்படியும் போகப் போகிறோமே என்று, பிள்ளையை ஸ்கூலில் சேர்க்கிற பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

கொடுத்தது ஒரே ஒரு ரோல், முப்பத்தாறு படம். அதுவும் ஸ்லைடு பிலிம். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் மன்னிக்காது. ஒரு காட்சிக்கு மூன்று விதமாக எடுத்தால் பன்னிரண்டு காட்சிக்குக் கணக்கு சரியாகப் போய்விடும். சமைத்துப் போட கம்பெனி மெஸ்ஸிலிருந்து ஜெக்கரியா கூட வந்தார். கூத்தாநல்லூர்க்காரர், ஐம்பது வயது, நாலு வருடமாக ஊர்ப்பக்கம் போகாதவர்.

இருட்டு விலகும் நேரத்தில் பாறைகள் சாம்பலும் நீலமுமாக நின்றன. ஒன்று தூண்போல, ஒன்று வளைவுபோல, ஒன்று தலை பெருத்துக் கழுத்துச் சிறுத்து. சகாயராஜ் ஸ்டாண்டை ஊன்றி லென்ஸ் வழியாகப் பார்த்தான். பத்து ஆள் உயரப் பாறை, உள்ளே கோடையில் வெடித்த வயலின் மண்ணாங்கட்டியாகத் தெரிந்தது. எந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தும் மண்ணாங்கட்டி மண்ணாங்கட்டிதான். கடைசியில் ஸ்டுடியோ புத்தி வேலை செய்தது.

“பாய், அந்தப் பாறைகிட்ட கொஞ்சம் போய் நில்லுங்க.”

ஜெக்கரியா போய் நின்றார். நின்றதும் பாறை எழுந்துகொண்டது. அவர் விரற்கடை அளவு, அதற்கு மேலே வானத்தை முட்டும் கல். சகாயராஜுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் இவன் மாப்பிள்ளை, பெண், காது குத்து என்று எடுத்துக் கைத்தொழிலைக் கெடுத்துக்கொண்டிருந்தானே தவிர, இவனுக்குள்ளே ஒரு நிஜமான கலைஞன் இருந்திருக்கிறான். அது பொய்யில்லை. அதனால்தான் வயிற்றெரிச்சல்.

வெயில் ஏற ஏற நீலம் வடிந்து ரோஜா நிறமானது, பிறகு பழுத்த செங்கல் நிறம். நடவு வயலின் வரப்பில் ஆளை நிறுத்தினால் தண்ணீர் கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். இங்கே அந்த வேலையை மணல் செய்தது. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டே எடுத்தான். உச்சி வெயிலில் நிழலெல்லாம் பாறைக்குள் போய் ஒளிந்துகொண்டு எல்லாம் வெளிறிப் போக, கேமராவை மூடி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்போது ஜெக்கரியா மெதுவாக ஆரம்பித்தார்.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. எல்லாத்துலயும் நான் நிக்கிறேனே, இதுக்கு ஒத்துக்குவாங்களா? ஆளு இல்லாம ஒண்ணு ரெண்டு எடுத்து வச்சுக்கலாம்ல?”

“பாய், நீங்க பிரியாணில உப்பு எவ்வளவுன்னு நான் கேக்குறேனா?”

“அதுக்கில்ல தம்பி…”

“ஆளு இல்லாத படத்துக்கு எவன் காசு குடுப்பான்? இருவது வருசமா இதுதான் பாய் என் தொழிலு. நீங்க சும்மா நில்லுங்க, போதும்.”

ஜெக்கரியா சும்மா நின்றார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பாறைகள் காவி பூசிக்கொண்டன, ஆறு மணிக்கு ரத்தச் சிவப்பு. நிழல் நீண்டு மணல்மேல் ஓடியது. முப்பத்தாறாவது படத்தில், ஊதாவாகிக்கொண்டிருந்த வளைவுக்குள் ஜெக்கரியா கரும்புள்ளியாக நின்றார். திரும்பும் வழியில் சகாயராஜ், ரியாத்தில் எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது, பிரின்ஸியை எந்த இந்தியப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று பேசிக்கொண்டே வண்டி ஓட்டினான்.

பத்து நாள் கழித்து இராஜாங்கம் கூப்பிட்டார். விளக்குப் பலகைமேல் ஸ்லைடுகள் வரிசையாகக் கிடந்தன. அத்தனையும் அழகு. அவருக்கே அது தெரிந்தது. அதனாலேயே கோபம் இரட்டிப்பாக வந்தது.

“யாருங்க இந்த ஆளு?”

“நம்ம ஜெக்கரியா பாயிங்க. அவரு நின்னாத்தான் பாறையோட உசரம்…”

“அந்த முதலாளி மார்க்கத்துல ரொம்பக் கறாருங்க, காலண்டர்ல உசிருள்ளது எதுவும் வரக் கூடாது. மனுசன், ஒட்டகம், குருவி எதுவும். வருஷா வருஷம் நம்மதானே அச்சடிக்கிறோம்?”

“நீங்க எங்கிட்ட சொல்லலியே சார்.”

“இதைச் சொல்லணுமா? போன வருஷக் காலண்டரு உங்க ரூம் சுவத்துலதானே தொங்குச்சு? ஒரு வருஷம் பாத்தீங்களே, அதுல ஒரு ஆளு இருந்துச்சா?”

சகாயராஜ் யோசித்துப் பார்த்தான். காலண்டர் தொங்கியது உண்மை. தினமும் காலையில் அதன் முன்னால் நின்று, கழிந்த நாளைச் சிவப்புப் பேனாவால் அடித்ததும் உண்மை. லீவுக்கு எத்தனை நாள் பாக்கி என்று எண்ணியிருக்கிறான். மேலே என்ன படம் இருந்தது? மலையா, கடலா, மசூதியா? எவ்வளவு முட்டிப் பார்த்தும் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. படமெடுப்பதே தொழில் என்று பீற்றிக்கொண்டவன், பன்னிரண்டு மாதமும் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

காலண்டருக்கு எங்கேயோ பழைய படங்களை வாங்கிப் போட்டார்கள். இகாமாவில் டிரைவர் என்பது டிரைவர் என்றே இருந்தது. தள்ளிப்போட்ட லீவும், வண்டி ஓட்ட மாற்று ஆள் இல்லை என்று சொல்லி, டிசம்பருக்குப் போனது. நல்லதாக ஒரு ஸ்லைடைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஊருக்குப் போன ஒருவரிடம் அருள்ஜோதிக்குக் கொடுத்துவிட்டான். நான் எடுத்தது என்று பின்னால் எழுதியிருந்தான். அவளாவது பார்க்கட்டும் என்றுதான்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் மன்னார்குடியில் வந்து இறங்கினான். பிரின்ஸிக்கு ஐந்தரை வயது. இவனைப் பார்த்ததும் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள்.

“அப்பாகிட்ட வாடா செல்லம்.”

பிள்ளை தலையை மட்டும் நீட்டி, சுவரைக் கையால் காட்டியது. சேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே, கண்ணாடி போட்டுச் செக்கச் சிவந்த பாறை மாட்டியிருந்தது.

“எங்கப்பா அதுல நிக்கிறாங்க.”

சகாயராஜ் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

“கல்யாண போட்டோ இருக்கே, அதக் காட்டக் கூடாதா?”

“காட்டாம இருப்பேனா? அது மாப்ளயாம். அப்பா பாலைவனத்துலதான இருக்காங்கங்கிறா.”

“இத நான் எடுத்தேன்னு சொல்லலியா நீ?”

“சொன்னேங்க. அப்ப நிக்கிறது யாருன்னு கேட்டா. யாரோன்னேன். ரெண்டு நாளு சோறு திங்கல.”

“அதுக்கு?”

“அப்புறம் விட்டுட்டேன். ஜெபம் முடிச்சுத் தினமும் அதுக்கு முத்தம் குடுத்துட்டுத்தான் படுக்குறா.”

சகாயராஜ் சுவரோரம் போய்ப் படத்தை ஆணியிலிருந்து தூக்கினான். பிள்ளை வீறிட்டு அழுதது. அருள்ஜோதி வந்து அவன் கையைப் பிடித்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“மாட்டிருங்க. நீங்க நாப்பத்தஞ்சு நாளுல போயிருவீங்க. அவளுக்கு அந்த ஆளாவது இருக்கட்டும்.”

அவன் படத்தைத் திரும்ப மாட்டினான். கோணலாக இருக்கிறது என்று அருள்ஜோதிதான் நேராக்கினாள்.