பழப்புளி போட்டு விளக்கிய வாள்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாசிக்கிறவர்கள் கண்டுபிடித்து எனக்குச் சொல்லும் சிரமமாவது மிச்சம். உலகப்போர்க் காலத்து ஜப்பானிய இராணுவ வாள் ஒன்றை, குத்துவிளக்கு விளக்குவதுபோல, பழப்புளியும் சாம்பலும் போட்டு விளக்கியவன் நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. முழு மனதோடு, பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டு செய்தேன். அந்த வாளின் பிடியில் இருந்த மூங்கில் ஆணி இப்போது பலேர்மோ நகரின் ஒரேத்தோப் பக்கத்தில் எங்கள் வீட்டுச் சாமித்தட்டில், பிள்ளையாருக்கும் விபூதிக் கிண்ணத்துக்கும் நடுவே இருக்கிறது. சுண்டுவிரலில் பாதி நீளம். பழைய பென்சில் துண்டு என்று நினைத்து என் மகள் ஒருமுறை அதைச் சீவப் போனாள். நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். ஆணியின் பக்கத்தில் ஒரு கடித உறை. அது உண்மையான ஆணிதான், இவர் அதைத் திருடவில்லை என்று கையெழுத்தும் முத்திரையுமாக எழுதிய சான்று உள்ளே இருக்கிறது. பலேர்மோவில் ஒரு குச்சிக்குப் பத்திரம் வைத்திருக்கும் தமிழன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தச் சான்றை எழுதியவர் நான் ஆறு வருடம் பராமரித்த முதியவர். ஓய்வுபெற்ற நோத்தாயோ. எங்கள் ஊரில் நொத்தாரிசு என்போமே, காணி உறுதியும் மரணசாசனமும் எழுதுகிறவர், அதேதான். லிபெர்த்தா வீதியில் நான்காம் மாடியில், மனைவியை இழந்தபின் தனியாக இருந்தார். நாற்பது வருடம் மற்றவர்களின் கையெழுத்துகளைச் சந்தேகப்பட்டே வாழ்ந்தவருக்கு ஓய்வு கிடைத்தது, சந்தேகத்துக்குக் கிடைக்கவில்லை. ஒலிவ் எண்ணெய்ப் போத்தலில் எண்ணெய் நிற்கும் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் வைப்பார். வெளியே மழை பெய்கிறது என்று நான் சொன்னால் ஜன்னல்வரை நடந்துபோய்க் கையை நீட்டிப் பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த நாளில் என் பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதி அட்டையை, வெளிச்சத்தில் பிடித்து அவர் பார்த்த நேரத்துக்கு, அதைக் கொடுக்கிற குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் நான்கு பேருடைய அலுவல் முடிந்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்காக நான் கொண்டுபோய் வைத்த பழப்புளிக் கட்டியையும் விடவில்லை. மோந்து, விரலால் கிள்ளி, நாரை இழுத்துப் பார்த்து, “இது என்ன?” என்றார். சாப்பாடு என்றேன். நம்பவில்லை. என்னை எப்போதும் ‘நீங்கள்’ என்றுதான் அழைப்பார். கோபம் வந்தால் ‘மதிப்புக்குரிய ஐயா’ என்பார்.

அவரிடம் மூன்று வாள்கள் இருந்தன. இரண்டு சுவரில் தொங்கின, இரண்டும் போலி. ஏமாந்து வாங்கி, ஏமாந்ததை மறக்கக்கூடாது என்பதற்காகவே மாட்டியிருந்தார். ஞாயிறு மதியம் சாப்பிட்டபின் அவற்றை இறக்கி, பச்சைக் கம்பளித் துணியில் வைத்து எனக்குக் காட்டுவார். முதலாவதன் அலகில் இலக்கங்கள் கோணலாக வெட்டப்பட்டிருந்தன. பித்தளை நேற்றுக் கடையில் வாங்கிய செம்புபோல மஞ்சளித்தது. உண்மையான வாளின் பிடியில் திருக்கை மீனின் தோல் சுற்றியிருக்க வேண்டும் என்றார். தடவிப் பார்த்துவிட்டு, “இது பிளாஸ்டிக், நோத்தாயோ” என்றேன். திகைத்துப்போனார். திருக்கைக்குத் தோலுரித்துச் சரக்குத்தூள் போட்டுக் கறி வைக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இது ஒரு சோதனையா? என் வாழ்க்கையில் நான் சித்தியடைந்த ஒரே பரீட்சை அது. இரண்டாவது கெட்டிக்காரப் பொய். அமிலம் ஊற்றி, இரும்பில் கறள் பிடிக்கவைத்து வயதைக் கூட்டியிருந்தார்கள். அதைக் காட்டும்போதெல்லாம் சொல்வார்: “கறளைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.” அந்த வசனத்தை நான் நன்றாகப் பாடமாக்கிக்கொண்டேன். கறளிலும் இரண்டு நிறம் உண்டு, புதியது செம்மஞ்சள், பழையது கறுப்பு என்று அவர் அடுத்துச் சொன்னதைத்தான் கவனிக்கவில்லை. அப்போது நான் கோப்பி போட எழும்பிப் போயிருக்க வேண்டும்.

மூன்றாவது வாள் அலுமாரிக்குள் துணி சுற்றிக் கிடந்தது. இறந்துபோன ஒரு கப்பல் மாலுமியின் வீட்டிலிருந்து வந்தது. இலக்கம், பித்தளை, திருக்கைத் தோல் எல்லாம் சரி. ஆனால் கடைசித் தீர்ப்பு பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்புத் தண்டில்தான் இருக்கிறதாம். செய்த கொல்லன் தன் பெயரை வெட்டுவது அங்கேதான். அதைத் திறக்க ஒரேயொரு மூங்கில் ஆணியைத் தட்டினால் போதும். பதினைந்து வருடமாக அவர் தட்டவில்லை. மூன்றாம் தடவையும் ஏமாந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம் என்பது என் ஊகம்.

கடைசியில் ஒரு நிபுணரை வரவழைத்தார். இத்தாலியின் வடக்கிலிருந்து ஓர் அம்மா சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை பகல் நொத்தாரிசே ஆணியைத் தட்டிக் கழற்றி, பிடியை உருவி, தண்டைப் பார்த்தார். எல்லாவற்றையும் பச்சைத் துணியில் பரப்பி வைத்துவிட்டு, மகளோடு கண் வைத்தியரிடம் போய்விட்டார். நான் எட்டிப் பார்த்தேன். தண்டு முழுக்கக் கன்னங்கரேலென்று கறள். கறளைக் கண்டால் சந்தேகப்படுங்கள்! அந்த அம்மாவும் சந்தேகப்பட்டால் கிழவரின் மனம் உடைந்துபோகுமே. சமையலறையில் என் புளி இருந்தது. மனைவியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சாம்பலுக்குப் பதிலாக என்ன போடலாம் என்று கேட்டேன்.

“என்னப்பா, அந்தாளிட்டைக் கேட்டிட்டுச் செய்யுங்கோவன்.”

“கேட்டால் பிறகென்ன சர்ப்பிரைஸ்?”

“உங்கடை சர்ப்பிரைஸால நான் பட்டது போதும்” என்று அவள் வைத்துவிட்டாள். பால்கனியில் மீன் சுட்ட அடுப்பில் சாம்பல் கிடந்தது. முக்கால் மணித்தியாலம் தேய்த்தேன். திருவிழாவுக்கு விளக்கிய விளக்குமாதிரிப் பளபளத்தது.

வந்து பார்த்த நொத்தாரிசு கைத்தடியோடு அப்படியே நின்றார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்: “மதிப்புக்குரிய ஐயா, இது என்னுடைய வாள் அல்ல.”

விளக்கினேன் என்றேன். புளியால் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போலக் கேட்டது. அவருடைய மகள், அந்தச் சிஞ்ஞோரா, மக்வேதா வீதியில் ஞாபகப்பொருள் விற்கிற கடைகளில் எனக்கு யாரையாவது தெரியுமா என்று விசாரித்தார். தெரியும், பாதிக் கடைகளில் வேலை செய்வது எங்கள் ஆட்கள்தானே. உண்மையைச் சொன்னேன், அது இன்னும் மோசமாகப் போயிற்று. அலகை மாற்றிப் போலியை வைத்துவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டார்கள். என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கிற பத்திரம் அவருடைய கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. நொத்தாரிசு அதை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். “சனிக்கிழமை நீங்களும் வாருங்கள். அதன்பிறகு கராபினியேரிப் பொலிஸைக் கூப்பிடுவதா என்று பார்க்கலாம்.”

சந்தேகம் தடிமன் காய்ச்சல் மாதிரித் தொற்றும் என்று அந்த இரண்டு நாளில் கண்டுகொண்டேன். தீர்ப்புக்குப் பயந்து கிழவரே வாளை மாற்றிவிட்டுப் பழியை என்மேல் போடுகிறாரோ? இல்லை, சிஞ்ஞோராவின் வேலையா? இப்படி நான் யோசித்துக்கொண்டிருக்க, மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே வந்து இருந்தாள்.

“என்னப்பா, எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ. வித்துப்போட்டியளோ?”

“உனக்கு விசரே? புளி போட்டுத் தேய்ச்சனான்.”

“அதைத்தான் நம்பேலாமல் கிடக்கு. வீட்டிலை ஒரு கோப்பையெண்டாலும் கழுவியிருக்கிறியளே?”

சனிக்கிழமை நிபுணர் அம்மா வந்தார். கட்டையாக வெட்டிய நரைமுடி, கண்ணில் பொருத்துகிற பூதக்கண்ணாடி. தண்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். “இந்த வயது வாளுக்கு இப்படித் தண்டு இருக்காது. போன மாதம் செய்ததுபோல இருக்கிறது.” சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். பூட்டிய லாச்சியும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அந்த அம்மா தண்டை மூக்கருகே கொண்டுபோனார். ஒருமுறை மோந்தார். இன்னொருமுறை மோந்தார். வெட்டிய எழுத்துக்குள் ஊசியை விட்டு மெல்ல நெம்பியபோது மயிரிழை போன்ற ஒன்று வந்தது. வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். நொத்தாரிசு எழும்பி வந்து குனிந்து பார்த்தார். என் புளிக் கட்டியிலிருந்து ஒருநாள் தானே இழுத்துப் பார்த்த அதே நார். அடுத்து அந்த அம்மா ஆணி போகிற துளைக்குள் வெளிச்சம் அடித்தார். என் விரல் நுழைய முடியாத இடம் அது. உள்ளே சுற்றிவர, ஆழமாக, கறுப்பாக, பழைய கறள் அப்படியே இருந்தது.

“வாள் உண்மையானது” என்றார். “இவர் சொல்வதும் உண்மை.” பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். “ஆனால் இனிமேல் இந்த வாளைப் பார்க்கிற யாரும் நம்பமாட்டார்கள்.” வாளின் கஷ்டம் எனக்கு நன்றாகவே விளங்கியது.

மன்னிப்பு என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நொத்தாரிசு லாச்சியைத் திறந்தார், என் பத்திரத்தை எடுத்தார், மூன்று பக்கத்திலும் கையெழுத்து வைத்தார். பழைய மூங்கில் ஆணி சுருங்கிவிட்டது என்று அந்த அம்மா புதிதாக ஒன்று சீவிப் பழையதன் பக்கத்தில் வைத்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது என் கோப்பிக் கோப்பையின் பக்கத்தில் அந்த உறை இருந்தது, உள்ளே ஆணியும் சான்றும். எண்ணெய்ப் போத்தலில் புதுக் கோடும் இருந்தது.

அதெல்லாம் ஆறிப்போய் இப்போது நான்கு வருடம். நொத்தாரிசு மகள் வீட்டோடு போய்விட்டார். நான் வேறொரு வீட்டில் வேலை செய்கிறேன், அங்கே எண்ணெய்ப் போத்தலில் கோடு கிடையாது, என்னவோ ஒன்று குறைகிறது. போன மாதம் சரஸ்வதி பூசைக்குச் சாமித்தட்டைத் துடைக்கும்போது ஆணியைக் கையில் எடுத்தேன். பழைய மூங்கில் இவ்வளவு வெளுப்பாக இருக்குமா? அன்றைக்குப் பச்சைத் துணியில் இரண்டு ஆணிகள் கிடந்தனவே, பழையதும் புதியதும். எனக்கு எதை உறையில் போட்டார்? சான்றிதழில் கையெழுத்து இருக்கிறதுதான்; ஆனால் கையெழுத்தை மட்டும் நம்பக்கூடாது என்று சொன்னவரே அவர்தானே.

இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆணியையும் உறையையும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். ஜன்னலோரம் கம்பளியால் மூடிக்கொண்டு இருந்தார். கண் அநேகமாகத் தெரிவதில்லை. முதலில் தன் கையெழுத்தைக் கண்ணருகே வைத்துச் சரிபார்த்தார். பிறகு ஆணியை விரல்களுக்கிடையே உருட்டினார். நீண்ட நேரம் உருட்டினார்.

“நோத்தாயோ, இது உண்மையான ஆணிதானா?” என்றேன்.

“புளி போட்டுத் தேய்த்துப் பாருங்கள்.”