மலையடிப் பூங்காவில் என் தோழி

கணவர் என்னைப் பிரிந்து போனபோது ஆறுதலாக இருந்தவள் தோழி சரளாதான். இருவருக்கும் சொந்த ஊர் நகரி. இப்போது திருப்பதியில் ஒரே தெரு. தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவரை என்னைவிட அதிகமாகத் திட்டினாள்.

முன்பெல்லாம் மாதம் ஒரு ஞாயிறு, நாலைந்து குடும்பமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு மலையடிப் பூங்காவுக்குப் போவோம். அவர் போன பிறகு அது நின்றுவிட்டது. கேட்டால், "யாருக்கும் தோதுப்படலடி" என்பாள் சரளா.

போன மாதம் மகள் அடம்பிடித்ததால் நாங்கள் இருவர் மட்டும் எலுமிச்சை சாதத்தோடு போனோம். மலை முழுதாகத் தெரியும் மேட்டில் ஏறினோம். கீழே மரத்தடியில் அத்தனை குடும்பங்களும் உட்கார்ந்திருந்தன. நடுவில் என் கணவர். சரளா அவர் தட்டில் வடை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நைனா!" என்று மகள் இறங்கி ஓடினாள்.

சரளா பதறி மேலே வந்தாள். "தப்பா நெனைக்காதடி. அவரும் எங்க ஊட்டுக்காரரும் ஒண்ணாப் பழகிக்கினு இருந்தவங்க. உன்னையும் கூப்ட்டா சங்கடம்னுதான்..."

"எப்போலேர்ந்து?"

தலையைக் குனிந்துகொண்டாள். "நிக்கவே இல்லடி. மாசாமாசம் வந்துக்கினுதான் இருக்கோம்."

மகள் அப்பாவோடு சாப்பிட்டு வரட்டும் என்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் வீட்டை விட்டுப் போன அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. தனியாகிவிட்டேன் என்பது அந்த மேட்டில்தான் புரிந்தது.