நான் வாங்கத் தவறிய இதழ்

மாதாமாதம் வந்த ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தொடரை ஆறு வருடம் வாங்கினேன். ஒரு பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தைத் தாண்டிக் கடைக்குப் போக முடியவில்லை; மறுநாள் விற்றுத் தீர்ந்திருந்ததால் ஓர் இதழ் மட்டும் தவறிப்போனது. அதற்கு முந்தைய இதழில் நாயகன் சுரங்கத்தில் புதைந்துவிட்டான்; அடுத்ததில் உயிரோடு பறந்தான்.

என் மனைவி கால் முறிந்து படுத்திருந்தபோது அவற்றை வரிசையாகப் படித்தாள்.

“நடுவுல ஒண்ணு காணோமே, எப்படிங்க தப்பிச்சான்?”

தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. “அவனோட எதிரியே தோண்டி எடுத்துட்டான்” என்றேன்.

அன்று சாயங்காலம், இரண்டு வருடமாகப் பேசாதிருந்த தன் அக்காவுக்குப் போன் செய்தாள்.

போன மாதம் செங்கம் சாலையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த இதழ் கிடைத்தது. அதில் நாயகன் தனியாகவே மேலேறி வந்திருந்தான். கூச்சத்துடன் அவளிடம் நீட்டினேன்.

“நீங்க யோசிச்சு யோசிச்சு சொன்னப்பவே தெரியுங்க” என்றாள்.