கறுப்பையாவின் கருமாதி

இலங்கையில் கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே, கேட்காமலேயே மேகம் லயத்து வீடுகளுக்குள் நுழைந்துபோகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கறுப்பையா செத்துச் சில வருஷங்கள் ஆகியும் ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை. செத்த விஷயம் அவருக்குத் தெரியாது, அதுதான் காரணம்.

இராமநாதபுரத்துப் பக்கம் வானம் பொய்த்த வருஷத்தில், இருந்த துண்டு நிலத்தைக் காப்பாற்றுவதற்காக அந்த நிலத்தையே விட்டு வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஊருக்குப் போக வேண்டிய காசையும் சேதியையும் கங்காணியிடம் கொடுத்துவந்தார். கங்காணி பத்திரமான மனுஷர். கைக்கு வந்த எதையும் கடல் தாண்ட விட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் சீமையில் தேயிலை விலை விழுந்தது. விழுந்த அடி கலஹாவில் பட்டது. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எல்லாரையும் நிறுத்திக் கணக்கப்பிள்ளை சில பேர்களை வாசித்தார். "இவங்களுக்கு இனி வேலை இல்ல. ஊருக்குப் போகலாம், வழிச்செலவு தோட்டத்தோடது."

அழுதவர்களுக்கு நடுவில் கறுப்பையா மட்டும் சிரித்தார். கட்டின கையோடு விட்டுவந்த பாலம்மாவைப் பார்க்கப் போகிறாரே! அவளுக்காகத் தேயிலைத் தூளில் ஒரு பொட்டலம் கட்டினார்.

சாயங்காலம் இராமையா வாசலில் வந்து நின்றான். அதே ஊர்க்காரன், முந்தின வருஷம் ஊருக்குப் போய் வந்தவன், அவன் பேரும் வாசிக்கப்பட்டிருந்தது.

"அண்ணே, நீங்க வராதீங்க."

"ஏன்டா, கப்பல் தாங்காதா?"

"உங்களுக்குக் கருமாதி பண்ணிட்டாங்கண்ணே. சேதியே இல்ல, காய்ச்சல்ல போயிருப்பீங்கன்னு முடிவு கட்டிட்டாங்க. நெலம் வெளிய போயிடக் கூடாதுன்னு அண்ணிய உங்க தம்பிக்கே கட்டி வச்சாங்க. ரெண்டு புள்ளைங்க."

கறுப்பையா பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்து, திரும்பவும் கட்டினார்.

"ஏன்டா இத்தன நாளாச் சொல்லல?"

"உசுரோட இருக்கிற ஆளுகிட்ட எப்படிண்ணே சொல்றது?"

மறுநாள் லொறி பேராதனை ஸ்டேசனில் எல்லாரையும் இறக்கிவிட்டது. செத்தவன் ஒருவன் திரும்பிப் போனால் அங்கே நாலு பேருடைய வாழ்வு சாகும். கறுப்பையா பொட்டலத்தை இராமையாவின் மூட்டையில் செருகினார்.

"ஊர்ல என்னண்ணே சொல்ல?"

"செத்தது நெசந்தான்னு சொல்லு. தேயில நீ வாங்கினதா இருக்கட்டும்."

ரயில் போனது. அவர் கண்டி ரோட்டில் நடந்தார்.

கண்டி டவுனில் ஸெய்னுலாப்தீனின் அரிசிக் கடையில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. பர்மா அரிசி. அதை யாரும் திரும்பிப் போகச் சொல்லவில்லை.

அடுத்த ஆடி அமாவாசை. தலதா மாளிகையின் பெரஹெரா ஊர்வலத்துக்கு ஊர் களைகட்டத் தொடங்கியிருந்தது. கடையின் பின்மதிலில் கறுப்பையா இலை போட்டுச் சோறு வைத்ததை ஸெய்னுலாப்தீன் பார்த்தார்.

"ஆருக்கு வெக்கிற, கறுப்பையா? உம்மா வாப்பாவுக்கா?"

"எனக்குத்தான் மொதலாளி. ஊர்ல தம்பிதான் வைக்கணும். வெலவாசி இருக்கிற இருப்புல விட்டிருப்பான்."

சிரிக்க ஆரம்பித்த முதலாளி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கறுப்பையா காகத்தைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றார். காகம் வர நேரமாயிற்று. கண்டிக் காகங்களுக்கு அவரைத் தெரியாது.